ஜிமேட்டா, ஜிஆர்இயா, விலக்கா? எம்பிஏ விண்ணப்பத்துக்கு முன் ஒரு கணக்கு

"ஜிமேட் எழுதலாமா, ஜிஆர்இ எழுதலாமா?" என்று எம்பிஏ சேர்க்கைத் தேர்வைப் பற்றிக் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே இரண்டுக்கும் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறார்கள். போன மாதம் பேசிய ஒருவர் இரண்டையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டிலும் முதல் நாற்பது பக்கம் பென்சில் கோடுகள். அதற்கப்புறம் புத்தம் புதிது. மூன்று மாதமாக இதில் ஒரு வாரம், அதில் ஒரு வாரம் என்று மாறி மாறிப் படித்திருக்கிறார். "எது சுலபம்னு தெரிஞ்சா அதையே பிடிச்சிடுவேன்" என்றார்.

எது சுலபம் என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. ஆனால் உங்களுக்கு எது பொருந்தும் என்பதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன்னால் எதை வைத்து எடைபோடுவது என்று தெரிய வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் கல்லூரிகளின் பட்டியல். பட்டியலே போடாமல் தேர்வைத் தேர்ந்தெடுப்பது, எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாமல் டிக்கெட் எடுப்பது போலத்தான். ஐந்தாறு கல்லூரிகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றும் எந்தெந்தத் தேர்வை ஏற்கிறது என்பதை அதன் சேர்க்கைப் பக்கத்திலேயே பாருங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் சீனியர் சொன்னதை நம்பி உட்கார வேண்டாம்.

இரண்டாவது, கேள்வியின் வகை. எண்ணில் நீங்கள் வேகமா, சொல்லில் வேகமா, அட்டவணையைப் பார்த்து முடிவு சொல்வதில் வேகமா?

மூன்றாவது, நேரம். படிக்கப் பிடிக்கும் வாரங்களை மட்டும் எண்ணினால் போதாது. அந்த வாரங்களில் எழுதாமல் விட்ட விண்ணப்பக் கட்டுரைகளும் கணக்கில் வரும்.

நான்காவது, மதிப்பெண் வேறெங்காவது உதவுமா என்பது. கல்வி உதவித்தொகை, வேலைத் தேடல், மனம் மாறி வேறு முதுநிலைப் படிப்புக்குப் போவது என்று பல இடங்கள் உண்டு.

ஐந்தாவது, சொதப்பினால் என்ன செய்வது? மறுபடி எழுத எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், முதல் மதிப்பெண்ணைக் கல்லூரிகள் பார்க்குமா?

## இரண்டு தேர்வும் இன்று எப்படி இருக்கின்றன

"இன்று" என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023இல் இரண்டுமே உருமாறின. ஜிஆர்இ அந்த ஆண்டு செப்டம்பரில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. ஜிமேட் நவம்பரில் 'ஃபோகஸ் எடிஷன்' என்ற பெயரில் புதிதாக வந்தது. பழைய ஜிமேட் 2024 ஜனவரியோடு முடிந்துபோய், இப்போது புதியதையே வெறுமனே ஜிமேட் என்கிறார்கள்.

| | ஜிமேட் | ஜிஆர்இ |
|---|---|---|
| மொத்த நேரம் | 2 மணி 15 நிமிடம், விருப்பப்பட்டால் 10 நிமிட இடைவேளை | 1 மணி 58 நிமிடம், இடைவேளை இல்லை |
| கணிதம் | 21 கேள்வி, 45 நிமிடம் | 12 + 15 கேள்வி, 21 + 26 நிமிடம் |
| மொழி | 23 கேள்வி, 45 நிமிடம் | 12 + 15 கேள்வி, 18 + 23 நிமிடம் |
| மற்றவை | டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை ஆராயும் பகுதி): 20 கேள்வி, 45 நிமிடம் | ஒரு கட்டுரை, 30 நிமிடம் |
| மதிப்பெண் | 205 முதல் 805 வரை | கணிதம், மொழி தலா 130 முதல் 170. கட்டுரை 0 முதல் 6 |
| கால்குலேட்டர் | டேட்டா இன்சைட்ஸில் மட்டும் | கணிதம் முழுவதும் |
| கடினம் மாறுவது | ஒவ்வொரு கேள்விக்கும் | முதல் பகுதியைப் பொறுத்து இரண்டாம் பகுதி |
| விடையை மாற்றுவது | பகுதி முடிவில் அதிகபட்சம் 3 விடைகள் | அந்தப் பகுதிக்குள் எத்தனை முறையும் |
| மறுமுயற்சி | 16 நாள் கழித்து. 12 மாதத்தில் 5 முறை | 21 நாள் கழித்து. 12 மாதத்தில் 5 முறை |
| மதிப்பெண் ஆயுள் | 5 ஆண்டு | 5 ஆண்டு |

அட்டவணையைப் பார்த்ததும் "கால்குலேட்டர் தர்றாங்க, அப்போ ஜிஆர்இதான்" என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. ஜிஆர்இ கணிதத்தில் கால்குலேட்டரைத் தொட வேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். மீதியில் அதைத் தட்டினால் நேரம்தான் போகும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

## ஜிமேட்

இது வணிகப் படிப்புக்காகவே 1950களில் உருவான தேர்வு. சேர்க்கைக் குழுவினருக்கு நன்றாகப் பழகியது. புதிய வடிவத்தில் கட்டுரை இல்லை, வாக்கியப் பிழை திருத்தும் கேள்விகள் இல்லை, வடிவியலும் போய்விட்டது. மொழிப் பகுதியில் பத்தி வாசிப்பும் வாதத்தை ஆராயும் கேள்விகளும்தான் மிச்சம். ஆங்கில இலக்கணத்தின் நுணுக்கங்களில் தடுமாறிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

அதற்கு ஈடாகத் தலைவலி தருவது டேட்டா இன்சைட்ஸ். அதில் வரும் 'டேட்டா சஃபிஷியன்சி' வகைக் கேள்விதான் ஜிமேட்டின் குணத்தை அப்படியே காட்டும். விடையைக் கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். விடை காணக் கொடுத்த தகவல் போதுமா என்று மட்டும் கேட்பார்கள். நானே போட்ட ஒரு சின்ன மாதிரி:

க என்ற எண் இரட்டைப்படையா?
கூற்று 1: 3க ஓர் இரட்டைப்படை எண்.
கூற்று 2: க ஒரு முழு எண்.

அவசரத்தில் பார்த்தால் முதல் கூற்றே போதும் என்று தோன்றும். மூன்றால் பெருக்கி இரட்டைப்படை வந்தால் க இரட்டைப்படையாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் க முழு எண் என்று கேள்வி சொல்லவே இல்லை. க என்பது மூன்றில் இரண்டு பங்காக இருந்தாலும் 3க இரண்டுதான். ஆகவே முதல் கூற்று தனியாகப் போதாது. இரண்டாவதும் தனியாகப் போதாது. இரண்டும் சேர்ந்தால் போதும். பள்ளிக்கூடக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களும் இங்கே விழுகிறார்கள். கணக்கு தெரியாமல் விழுவதில்லை. சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு விழுகிறார்கள்.

இந்த மாதிரிக் கேள்வி உங்களுக்கு எரிச்சலைத் தருகிறதா, "அட!" என்று சிரிக்க வைக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் ஜிமேட் உங்களோடு ஒத்துப்போகும்.

மறைமுகச் செலவுகள் மூன்று. ஒன்று, பழைய புத்தகம். யாரோ அன்போடு கொடுத்த 2022ஆம் ஆண்டுப் புத்தகத்தில் வாக்கியத் திருத்தமும் வடிவியலும் பக்கம் பக்கமாக இருக்கும். அத்தனையும் இப்போது வராத பாடம். இரண்டு, மதிப்பெண் குழப்பம். பழைய ஜிமேட்டில் 700 என்பது ஒரு மந்திர எண். புதிய அளவில் அதற்கு ஏறக்குறைய சமமானது 645. அண்ணன் 2021இல் 710 வாங்கினார், நமக்கு 655தான் வந்தது என்று நினைத்துக்கொண்டு நல்ல மதிப்பெண்ணைத் தூக்கிப்போட்டு மறுபடி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒப்பிட வேண்டியது பர்சென்டைலை, அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நம்மைவிடக் குறைவாக வாங்கினார்கள் என்பதை.

மூன்றாவதுதான் பெரிது: நேர நிர்வாகம். ஒவ்வொரு கேள்வியும் முந்தைய விடைகளைப் பொறுத்து வருவதால், பதில் சொல்லாமல் அடுத்ததற்குப் போக முடியாது. கணிதத்தில் ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். பிடிவாதமாக ஒரே கணக்கில் ஆறு நிமிடம் உட்கார்ந்துவிட்டால் கடைசி மூன்று கேள்விகள் அம்போ. முடிக்காமல் விட்ட கேள்விகளுக்குத் தண்டனையும் கடுமை. இதைப் பழகவே தனியாக மூன்று, நான்கு வாரம் ஆகும். கேள்வி வங்கியில் எத்தனை கணக்கு போட்டாலும் அது வராது. முழு மாதிரித் தேர்வு எழுதினால்தான் வரும்.

எப்போது ஜிமேட்: எம்பிஏ மட்டும்தான் என்று முடிவாகிவிட்டவர்களுக்கு. ஆங்கிலச் சொல்வளத்தைவிடத் தர்க்கத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு. எம்பிஏவுக்குப் பிறகு ஆலோசனை நிறுவனத்திலோ முதலீட்டு வங்கியிலோ வேலை தேடப்போகிறவர்களுக்கு. அந்தத் துறைகளில் சிலர் நேர்காணலுக்கு முன் ஜிமேட் மதிப்பெண்ணைக் கேட்பதுண்டு.

## ஜிஆர்இ

எல்லா வகை முதுநிலைப் படிப்புக்குமான பொதுத் தேர்வு இது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 2009இல் இதை ஏற்கத் தொடங்கியது. இன்று ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, வார்ட்டன், இன்சியாட் எல்லாமே ஜிமேட், ஜிஆர்இ இரண்டில் எதையும் ஏற்கின்றன. "ஜிஆர்இ கொடுத்தால் எம்பிஏவில் அக்கறை இல்லை என்று நினைப்பார்கள்" என்ற பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்காகப் பயந்து ஜிமேட் பக்கம் போக வேண்டியதில்லை.

இந்தத் தேர்வில் நான் சூடு கண்டவன். கூட இருந்த மூன்று பேர் ஜிஆர்இக்குப் படித்தார்கள், நானும் உட்கார்ந்தேன். அவர்கள் மூவரும் பொறியியல் மேற்படிப்புக்குப் போகிறவர்கள். மொழிப் பகுதியில் சுமாராக வாங்கினாலும் அவர்களுக்கு நடக்கும். எம்பிஏவுக்கு அப்படி இல்லை, இரண்டையும் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு முப்பது ஆங்கிலச் சொல் என்று அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை திருப்பிப் பார்த்தால் வாரத்தில் படித்ததில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும்.

சிக்கல் தெரியாத சொற்களோடு நிற்பதில்லை. தெரிந்ததாக நினைக்கும் சொற்கள் இன்னும் ஆபத்து. 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சு' என்று நாம் தினமும் சொல்கிறோம், அதனால் 'சாங்ஷன்' என்றால் அனுமதி என்று மனதில் பதிந்திருக்கிறது. அதே சொல்லுக்குத் தண்டனை, தடை என்ற பொருளும் உண்டு. 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்றால் ஆர்வமில்லாதவர் என்று எழுதிவிடத் தோன்றும். ஜிஆர்இ எதிர்பார்ப்பது பாரபட்சமில்லாதவர் என்ற பொருளை. இரண்டு, மூன்று கோடிட்ட இடங்கள் உள்ள வாக்கியத்தில் எல்லா இடமும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஒன்று தப்பினாலும் பூஜ்ஜியம்.

கணிதம் கொஞ்சம் இலகு என்பது ஓரளவு உண்மை. ஆனால் அதிலும் ஒரு வலை இருக்கிறது. பலரும் நன்றாகச் செய்வதால் உச்சியில் நெரிசல்: 170க்கு 170 வாங்கினாலும் 99ஆவது பர்சென்டைலைத் தொட முடிவதில்லை. இரண்டு கேள்வி தப்பினால் பர்சென்டைல் மடமடவென்று இறங்கும். வடிவியலும் இங்கே உண்டு, ஜிமேட்டுக்குப் படித்துவிட்டு வருபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஜிஆர்இயின் உண்மையான சலுகை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பகுதிக்குள் கேள்வியைத் தாண்டிப் போகலாம், குறியிட்டு வைக்கலாம், திரும்பி வரலாம். தேர்வு அறையில் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டால் பதற்றப்படுகிறவர்களுக்கு இந்தச் சுதந்திரம் எத்தனையோ மணிநேரப் படிப்புக்குச் சமம். தவறான விடைக்குக் கழிவு இல்லை, எதையும் வெறுமையாக விடத் தேவையில்லை. எழுதிய தேர்வுகளில் எந்த நாளின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். புதிய ஜிமேட்டிலும் நீங்கள் அனுப்புவதுதான் கல்லூரிக்குப் போகும், ஆகவே 'முதல் முயற்சி கறையாக நிற்குமோ' என்ற பயம் இரண்டிலுமே தேவையில்லை.

இன்னொரு லாபம்: பழைய புத்தகங்கள் வீணாகாது. தேர்வு சுருங்கியதே தவிர கணித, மொழிக் கேள்வி வகைகள் மாறவில்லை. கட்டுரைகளில் ஒன்றைத்தான் எடுத்தார்கள்.

எப்போது ஜிஆர்இ: ஆங்கிலம் நிறைய வாசிக்கும் பழக்கம் சிறுவயதிலிருந்தே இருந்தால். எம்பிஏவோடு பொதுக்கொள்கை, பொருளியல், தரவு அறிவியல் என்று வேறு படிப்புக்கும் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால். ஏற்கெனவே எழுதிய ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து ஆண்டுக்குள் கையில் இருந்தால். அது நன்றாகவும் இருந்தால், புதிதாக எதையும் தொட வேண்டாம்.

## எக்சிக்யூட்டிவ் அசெஸ்மென்ட்

ஜிமேட்டை நடத்தும் ஜிமேக் அமைப்பே 2016இல் கொண்டுவந்த சின்னத் தேர்வு. 40 கேள்வி, 90 நிமிடம். பணி அனுபவம் நிறைய உள்ள, எக்சிக்யூட்டிவ் எம்பிஏ தேடுகிறவர்களை மனதில் வைத்து உருவாக்கியது. கேள்விகள் ஜிமேட் ஜாதிதான், தயாரிப்பு மட்டும் குறைவு.

முழுநேர எம்பிஏவுக்கும் இதை ஏற்கும் இடங்கள் உண்டு. கொலம்பியா, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் போன்றவை. ஆனால் பட்டியலில் ஹார்வர்டோ ஸ்டான்ஃபோர்டோ இருந்தால் இது செல்லாது. ஆறு கல்லூரியில் இரண்டுதான் ஏற்கும் என்றால், மீதி நான்குக்காக ஜிமேட்டும் எழுத வேண்டிவரும். 'சின்னத் தேர்வு' என்று ஆரம்பித்து இரண்டு தேர்வில் போய் முடியும். பட்டியல் முழுவதும் ஏற்றால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

## தேர்வே இல்லாமல்: விலக்கு கேட்பது

2020 பெருந்தொற்றின்போது தேர்வு மையங்கள் மூடியதும் பல கல்லூரிகள் மதிப்பெண் இல்லாத விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கின. சிலது அந்தக் கதவை இன்னும் திறந்தே வைத்திருக்கின்றன. பெரும்பாலும் இது தானாகக் கிடைப்பதில்லை. ஏன் விலக்கு வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும். கணிதம் சார்ந்த பாடங்களில் நல்ல மதிப்பெண், கணக்காயர் அல்லது சிஎஃப்ஏ போன்ற தொழில்முறைத் தகுதி, எண்களோடு புழங்கிய பணி அனுபவம், இப்படி ஏதாவது ஆதாரம் கையில் வேண்டும்.

பார்க்க இலவசம் போலத் தெரியும், ஆனால் இதற்கும் விலை உண்டு. மதிப்பெண் இல்லாத விண்ணப்பத்தில் மற்ற எல்லாத் தாள்களின் மீதும் பாரம் கூடுகிறது. விலக்கு மறுக்கப்பட்டால், பதிலுக்காகக் காத்திருந்த வாரங்கள் போனது போனதுதான். தகுதி அடிப்படையிலான உதவித்தொகைக்கு மதிப்பெண்ணையும் பார்க்கும் கல்லூரி என்றால், சேர இடம் கிடைத்து, கட்டணத்தில் சலுகை கிடைக்காமல் போகலாம். அங்கே மிச்சப்படுத்தியதாக நினைத்த தேர்வுக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை.

இதில் என் கருத்து கொஞ்சம் கறார். பட்டப்படிப்பில் அரியர் வைத்தவர்கள், மதிப்பெண் குறைந்தவர்கள்தான் விலக்கை அதிகம் விரும்புகிறார்கள். அவர்கள்தான் கேட்கவே கூடாது. பழைய மார்க் ஷீட்டை இனி மாற்ற முடியாது. "இப்போது என்னால் முடியும்" என்று காட்ட அவர்களுக்கு இருக்கும் புதிய தாள் இந்தத் தேர்வு மட்டும்தான். விலக்கு பொருந்துவது, ஏற்கெனவே நிரூபிக்க எதுவும் பாக்கி இல்லாதவர்களுக்கு.

## இரண்டு ஞாயிறு

ஜிமேட்டுக்கு அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வு இரண்டு இலவசமாகக் கிடைக்கிறது. ஜிஆர்இக்கும் 'பவர்பிரெப்' என்ற பெயரில் இரண்டு. ஒரு ஞாயிறு காலை ஜிமேட் மாதிரித் தேர்வு ஒன்று, அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் ஜிஆர்இ மாதிரித் தேர்வு ஒன்று. கேள்வி வகைகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும், தனியாகப் படிக்க வேண்டாம். போனை அடுத்த அறையில் வையுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள்.

முடிந்ததும் பர்சென்டைலை ஒப்பிடுங்கள். அதோடு தவறான விடைகளைப் பக்கத்தில் வைத்து மூன்று வகையாகப் பிரியுங்கள்: தெரியாதது, தெரிந்தும் தவறவிட்டது, நேரம் போதாமல் விட்டது. ஜிஆர்இயில் 'தெரியாதது' வரிசை முழுக்க ஆங்கிலச் சொற்களாக இருந்தால், அது நிரம்ப மாதங்கள் ஆகும். ஜிமேட்டில் 'தெரிந்தும் தவறவிட்டது' அதிகம் என்றால் சில வாரப் பயிற்சியில் குறையும். எதில் குறைவாக வாங்கினீர்கள் என்பதைவிட, எதில் உள்ள ஓட்டையைச் சீக்கிரம் அடைக்கலாம் என்பதே முக்கியம்.

புத்தகங்களோடு வந்தவர் இதைச் செய்து பார்த்தார். இரண்டிலும் பர்சென்டைல் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஜிஆர்இ மொழிப் பகுதியில் தவறியது பதினொன்று, அதில் எட்டு வெறும் சொல் தெரியாமல். ஜிமேட்டில் தவறியவற்றில் பெரும்பகுதி டேட்டா இன்சைட்ஸின் கடைசி ஐந்து கேள்விகள், நேரம் போதவில்லை. பட்டியலில் எம்பிஏ தவிர வேறு எதுவும் இல்லை. அன்று மாலையே ஜிஆர்இ புத்தகத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

தேர்வு முடிவானதும் நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணுங்கள். பல கல்லூரிகளின் முதல் விண்ணப்பச் சுற்று செப்டம்பரில் முடிகிறது, இரண்டாம் சுற்று ஜனவரி முதல் வாரங்களில். ஜனவரிதான் இலக்கு என்றால் தேர்வை அக்டோபரில் வையுங்கள். ஒருமுறை சறுக்கினாலும் நவம்பரில் மறுபடி எழுதலாம், அப்போதும் விண்ணப்பக் கட்டுரைகளுக்கு டிசம்பர் முழுதாகக் கிடைக்கும். தேர்வையே டிசம்பரில் வைத்துக்கொண்டால், 20 புள்ளி கூடுதலாக வாங்கும் ஆசையில் கட்டுரையைக் கடைசி இரண்டு இரவில் எழுத வேண்டிவரும். படிக்கிறவருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். பரிந்துரைக் கடிதம் தரப்போகும் மேலாளரிடம் மட்டும் மதிப்பெண் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே பேசிவிடுங்கள். அவருக்கும் ஆண்டு இறுதியில் விடுமுறை இருக்கும்.